ஸ்கேன் சிடியைக் காக்காய் விரட்டத் தொங்க விடாதீர்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியதும் என்ன செய்கிறோம்? பாட்டு, சினிமா, கல்யாண போட்டோ என ஹார்ட் டிஸ்க்கை நிரப்புகிறோம். பீரோவில் கிடக்கும் ஸ்கேன் சிடி மட்டும் யார் நினைவுக்கும் வருவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். அதன் பலன், ஆறு மாதம் சரியாகத் தூங்கவில்லை.

விடாத இருமலுக்காக நெஞ்சில் சி.டி. ஸ்கேன் எடுத்தேன். (ஸ்கேனும் சி.டி., அது பதிந்து வரும் தட்டும் சிடி; குழம்ப வேண்டாம்.) வலது நுரையீரலில் 7 மி.மீ. அளவில் ஒரு 'நாட்யூல்', அதாவது சிறு முடிச்சு இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. அன்றிரவு இன்டர்நெட்டில் தேடினேன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் புற்றுநோய்!

மறுநாள் டாக்டர் பொறுமையாக விளக்கினார். இத்தகைய சிறு முடிச்சுகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. பழைய காசநோயின் தழும்பாகவும் இருக்கலாம். அளவு, ஓரத்தின் வடிவம், சுண்ணாம்புப் படிவு, வயது, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஃப்ளைஷ்னர் சொசைட்டி 2017ல் வெளியிட்ட வழிமுறைப்படி, 6 முதல் 8 மி.மீ. வரையுள்ள ஒற்றைத் திட முடிச்சுக்கு 6 முதல் 12 மாதத்தில் மறு ஸ்கேன். 8 மி.மீ.க்கு மேல் என்றால் 3 மாதத்தில் ஸ்கேன், அல்லது பெட் ஸ்கேன், அல்லது பயாப்ஸி. (ஏற்கெனவே புற்றுநோய் உள்ளவர்களுக்கும் 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் இது பொருந்தாது.)

பிறகு கேட்டார்: "பழைய ஸ்கேன் ஏதாவது இருக்கிறதா சார்?"

இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்தபோது எடுத்தது. திட முடிச்சு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வளராமல் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. அந்த சிடி இருந்திருந்தால் அன்றே விடை கிடைத்திருக்கும். ஆனால் அது மாடியில், வடகம் காயும் இடத்தில், காக்காய் விரட்டத் தொங்கிக் கொண்டிருந்தது! வெயிலிலும் கீறலிலும் பாழாகி, எந்த டிரைவிலும் திறக்கவில்லை. ஸ்கேன் எடுத்த இடத்திலும் பழைய பதிவு இல்லை. ஆறு மாதம் காத்திருந்து மறு ஸ்கேன் எடுத்தேன். முடிச்சு வளரவில்லை. ஆனாலும் இன்னொரு ஸ்கேன் பாக்கி இருக்கிறது.

பிலிமை மொபைலில் போட்டோ எடுத்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. சிடியில் இருப்பவை 'டைகாம்' வகை பைல்கள். அவற்றில் ஆயிரக்கணக்கான சாம்பல் நிற அளவுகள் உண்டு. நுரையீரலுக்கு ஒரு விதமாகவும் எலும்புக்கு வேறு விதமாகவும் மாற்றிப் பார்க்கலாம். ஜேபெக் படத்தில் 256 அளவுகள்தான். 6 மி.மீ. முடிச்சு 7.5 மி.மீ. ஆனால் அதன் கன அளவு ஏறக்குறைய இரு மடங்கு. இத்தனை நுணுக்கத்தை போட்டோவில் எப்படிக் கண்டுபிடிப்பது?

எனவே சிடி கைக்கு வந்த அன்றே இதைச் செய்திடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் சிடி டிரைவ் இல்லையா? யு.எஸ்.பி.யில் இணைக்கும் டிரைவ் கிடைக்கிறது. பெயர், ஆண்டு, மாதம் குறிப்பிட்டு ஒரு போல்டர் உருவாக்குங்கள். சிடியில் உள்ள அனைத்தையும் அப்படியே காப்பி செய்திடுங்கள். ஒன்றிரண்டு பைல்களை மட்டும் எடுத்தால் பயனில்லை. பென் டிரைவில் இன்னொரு காப்பி வையுங்கள். லிங்க் மட்டும் கொடுத்தால் உடனே டவுன்லோட் செய்திடுங்கள். 'வீசிஸ்' போன்ற இலவச புரோகிராமில் திறந்து சரிபாருங்கள்.

ஆனால் மவுஸை வைத்து நீங்களே அளந்து முடிவு கட்டாதீர்கள். அளக்கும் இடம் சற்று நகர்ந்தாலே 1 மி.மீ. மாறும். அது டாக்டரின் வேலை. பழைய படத்தைப் பத்திரமாக அவர் முன் வைப்பதுதான் நம் வேலை. காக்காய் விரட்ட வேறு சிடி கிடைக்கும்!