புது பிளேடு கேட்கிறோம், சுத்தமான டிரிம்மரை?

திருப்பாச்சூர் பக்கம் சலூனில் உட்கார்ந்தால், கடைக்காரர் பிளேடை உறையோடு இரண்டாக உடைத்து, ஒரு பாதியை நம் கண்ணெதிரே கத்தியில் மாட்டிவிட்டுத்தான் கன்னத்தில் கை வைக்கிறார். எய்ட்ஸ் பயம் கற்றுக்கொடுத்த நல்ல பழக்கம் அது. அதே கடையில் டிரிம்மர் மட்டும் ஒரு தாடியிலிருந்து அடுத்த தாடிக்கு அப்படியே தாவுகிறது. யாரும் வாய் திறப்பதில்லை. மின்சாரத்தில் ஓடுவதால் அது சுத்தமாகிவிடுமா?

அதற்காக மின் கருவியே வேண்டாம் என்றில்லை. 1931-ல் அமெரிக்காவில் ஜேக்கப் ஷிக் சந்தைக்குக் கொண்டுவந்த மின் ஷேவருக்குத் தண்ணீரும் வேண்டாம், சோப்பும் வேண்டாம். சல்லடைத் தகட்டுக்கு உள்ளேதான் பிளேடு ஓடும் என்பதால் வெட்டுக்காயம் குறைவு. சர்க்கரை நோயாளிகளும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. முகம் வழவழவென்று இருக்க வேண்டுமா? தண்ணீரில் ஊறி மெத்தென்று ஆன முடியை அடியோடு வழிக்க பிளேடுதான் சரி.

என் கட்சி இதுதான்: வீட்டில் மெஷின், கடையில் பிளேடு. கடையிலும் மெஷின்தான் என்றால், "அண்ணே, ஸ்பிரிட் போட்டு நல்லா துடைச்சிட்டு வைங்க" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். காசு கொடுப்பவர் கேட்காத சுத்தம் எந்தக் கடைக்கும் தானாக வராது.