லட்சுமி லக்மே ஆனால் ஃபேஷனா?

"கார்னியர்" என்று சொன்னால் சிரிப்பு. "லோரியல்" என்றால் இன்னும் பெரிய சிரிப்பு. அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் பெங்களூருக்கும் சென்னைக்கும் படிக்கவோ வேலைக்கோ போகும் பெண்கள் பலர், கடையில் பெயரைச் சொல்லாமல் விரலை நீட்டி "அது குடுங்க" என்று வாங்குவது இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான்.

சரி, சிரிப்பவர்கள் சொல்லும் "கரெக்ட்" உச்சரிப்பு எது? பிரெஞ்சுக்காரர் வாயில் அது கார்னியே, லொரெயால். ஜெர்மன்காரர் நிவேயா என்கிறார். ஆங்கிலேயர் நிவியா என்கிறார். ஒரே டப்பா, ஒரே கிரீம்தான். ஆங்கிலேயரைப் பார்த்து மட்டும் யாரும் சிரிப்பதில்லையே!

லக்மே கதை இன்னும் வேடிக்கை. 1952-ல் டாடா குழுமத்தில் பிறந்து, இப்போது ஹிந்துஸ்தான் யூனிலீவரிடம் இருக்கும் பிராண்ட் அது. பெயர், 1883-ல் பாரிஸில் அரங்கேறிய ஓர் இசை நாடகத்தின் பெயர். அதன் நாயகி ஓர் இந்தியப் பெண். நம் லட்சுமிதான் பிரெஞ்சு நாக்கில் லக்மே ஆனாள்! ஷாம்பூவும் அப்படியே. அமுக்கிப் பிடித்துவிடு என்று பொருள்படும் "சாம்போ" என்ற இந்திச் சொல்லைத்தான் ஆங்கிலேயர் ஷாம்பூ ஆக்கினார்கள்.

ஆக, லட்சுமியை லக்மே என்றால் ஸ்டைல். லக்மேயை "லாக்மி" என்றால் பட்டிக்காடு. என்ன நியாயம் இது?

தர்மபுரிக்காரர்களுக்கு இதில் கூச்சமே தேவையில்லை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே சந்தையில் புழங்கும் மாவட்டம் இது. தமிழில் புகை என்பது கன்னடத்தில் ஹொகெ. நீர்த்துளிகள் புகையாய் எழும்பும் பாறைக்குக் கன்னடத்தில் ஹொகேனக்கல், தமிழில் ஒகேனக்கல். எது தப்பு? இரண்டும் இல்லை. வேற்றுமொழிச் சொல்லைத் தன் ஒலிக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது எல்லா மொழியும் செய்வதுதான். வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு மாற்றித் தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது. லட்சுமி இலக்குமி ஆனது அந்த வழியில்தான்.

அதற்காக மூல உச்சரிப்பைத் தெரிந்துகொள்ளவே கூடாது என்றில்லை. அழகு நிலையத்திலோ கடையிலோ வேலை பார்ப்பவருக்கு அது உதவும். கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம். சிரிப்பது எதற்கு?

உச்சரிப்பைத் திருத்தும் எத்தனை பேர் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பி, என்னென்ன கலந்திருக்கிறது, காலாவதித் தேதி என்ன என்று பார்க்கிறார்கள்? முகத்தில் பூசுவது பெயரை அல்ல, உள்ளே இருப்பதைத்தான்.