ஐந்து ஆட்டங்களுக்காக ஐந்து வருடங்கள்: முதற்சுற்றுத் தோல்வியும் மில்வோக்கி எடுத்த முடிவுகளும்

2023 ஏப்ரல் 26ஆம் திகதி இரவு, எமக்கு மறுநாள் காலை, அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் ஒரு கூடைப்பந்தாட்டப் போட்டி முடிவடைந்தது. நான்காவது காற்பகுதி தொடங்கும்போது மில்வோக்கி பக்ஸ் அணி 16 புள்ளிகளால் முன்னிலையில் இருந்தது. அரை விநாடி மீதமிருக்கையில் மயாமி ஹீட் அணியின் ஜிம்மி பட்லர் விழுந்துகொண்டே எறிந்த பந்து கூடைக்குள் போனது. ஆட்டம் சமநிலை. மேலதிக நேரத்தின் முடிவில் மயாமி 128, மில்வோக்கி 126. ஏழு ஆட்டங்கள் கொண்ட முதற்சுற்றுத் தொடர் 4-1 என்று அத்துடன் முடிந்துபோனது.

அந்தப் பருவகாலத்தில் 82 ஆட்டங்களில் 58இல் வென்று, என்.பி.ஏ. லீக்கின் 30 அணிகளிலும் முதலிடத்தில் இருந்தது மில்வோக்கி. 44 ஆட்டங்களில் மட்டும் வென்று, தகுதிகாண் ஆட்டமொன்றில் தோற்று, மற்றொன்றில் வென்று, கடைசி ஆளாக உள்ளே வந்த அணி மயாமி.

எட்டு நாட்கள் கழித்து, மே 4ஆம் திகதி, மில்வோக்கியின் பயிற்றுநர் மைக் பூடன்ஹோல்சர் நீக்கப்பட்டார். 2021இல் அந்நகருக்கு 50 வருடங்களின் பின்னர் சம்பியன் கிண்ணத்தைக் கொண்டுவந்தவர் அவர். அவருடைய ஐந்து பருவகாலங்களில் மூன்றில் லீக்கின் மிகச் சிறந்த வெற்றிக் கணக்கு மில்வோக்கியுடையதாகவே இருந்தது. அதையெல்லாம் ஐந்து ஆட்டங்கள் அழித்துவிட்டன.

ஐந்து ஆட்டங்களில் கிடைக்கும் தகவல் எவ்வளவு? அதை நம்பி எடுக்கப்படும் முடிவின் விலை எவ்வளவு? பிளே-ஒஃப் சுற்றில் ஆரம்பத்திலேயே வெளியேறும் ஒவ்வோர் அணியின் அலுவலகத்திலும் மே மாதம் முழுவதும் மேசையில் கிடப்பது இந்தக் கேள்விதான்.

முதலில் அணி நிர்வாகங்களுக்கு நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். பிளே-ஒஃப் ஆட்டம் வேறு, வழமையான பருவகால ஆட்டம் வேறு. வழமையான காலத்தில் இன்று ஓர் அணி, நாளை மறுநாள் இன்னோர் அணி. யாரும் யாரையும் ஆழமாக ஆராய்ந்து வருவதில்லை. பிளே-ஒஃப்பில் அதே எதிரணியோடு இரண்டு வாரங்கள் மல்லுக்கட்ட வேண்டும். பயிற்றுநர்கள் எட்டு ஒன்பது வீரர்களை மட்டுமே களமிறக்குவார்கள். தற்காப்பில் தளர்வான ஒருவர் உங்களிடம் இருந்தால் எதிரணி ஒவ்வொரு தாக்குதலையும் அவரை நோக்கியே நடத்தும். 82 ஆட்டங்களில் மறைந்திருந்த ஓட்டை நான்கு ஆட்டங்களில் ஊருக்கே தெரிந்துவிடும். ஆகவே சிறிய எண்ணிக்கை என்பதற்காக அந்த ஆட்டங்களைத் தூக்கியெறிய முடியாது.

ஆனால் மில்வோக்கியின் தோல்வியைப் பிரித்துப் பார்த்தால் என்ன கிடைக்கிறது? அணியின் அச்சாணியான யானிஸ் அன்டெட்டோகூம்போ முதல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே விழுந்து முதுகில் அடிபட்டார். இரண்டாம், மூன்றாம் ஆட்டங்களில் அவர் இல்லை. பருவகாலம் முழுவதும் மூன்று புள்ளி எறிவில் லீக்கின் கடைசி அணிகளுள் ஒன்றாக இருந்த மயாமி, இந்தத் தொடரில் மட்டும் ஏறத்தாழ 45 வீதமான எறிவுகளைக் கூடைக்குள் போட்டது. பட்லர் நான்காவது ஆட்டத்தில் 56 புள்ளிகள், ஐந்தாவதில் 42. திரும்பி வந்த யானிஸ் கடைசி ஆட்டத்தில் 23 தண்ட எறிவுகளில் 13ஐத் தவறவிட்டார். காயம், எதிரணியின் சூடான கை, பதற்றம். இவற்றில் எதைத்தான் கோடைகால முடிவொன்றால் திருத்த முடியும்?

திருத்தக்கூடிய ஒன்றும் இருந்தது. ஆட்டத்தின் இறுதிக் கணங்களில் கையிலிருந்த நேர இடைவேளையைப் பூடன்ஹோல்சர் அழைக்கவில்லை. தொடர் நடந்துகொண்டிருக்கும்போது தற்காப்பு முறையை மாற்றத் தயங்குபவர் என்ற குற்றச்சாட்டு அவர் மீது முன்பே இருந்தது. முடிவு ஏற்கெனவே பாதி எழுதப்பட்டிருந்தது, தோல்வி அதில் கையொப்பம் வைத்தது என்றும் வாதிடலாம். எனக்கு அந்த வாதத்தில் பாதி நம்பிக்கைதான்.

தோல்வியடைந்த அந்த இரவில் ஊடகவியலாளர் ஒருவர் யானிஸிடம் இந்தப் பருவகாலத்தைத் தோல்வி என்று கருதுகிறீர்களா என்று கேட்டார். மைக்கல் ஜோர்டன் 15 வருடங்கள் விளையாடி ஆறு முறை சம்பியனானார், மற்ற ஒன்பது வருடங்களும் தோல்வியா என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தக் காணொளி உலகெங்கும் பகிரப்பட்டது, ஊக்கப் பேச்சாளர்களுக்குக் கிடைத்த புதையலாகவும் ஆனது. ஆனால் அதே யானிஸ் அந்த ஓகஸ்ட் மாதத்தில் வேறொரு தொனியில் பேசினார். அணி வெல்வதற்கு உண்மையாகவே முயல்கிறது என்று தனக்கு உறுதியானால்தான் புதிய ஒப்பந்தம் பற்றி யோசிக்க முடியும் என்பது அதன் சாரம். மில்வோக்கி அலுவலகம் எந்தப் பேச்சை உற்றுக் கேட்டிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சிறிய நகரம், கடும் குளிர், பெரிய நட்சத்திரங்கள் தாமாகத் தேடி வராத இடம். கையிலிருக்கும் ஒருவரை இழந்தால் அடுத்தவர் வர இன்னுமொரு 50 வருடங்கள் ஆகலாம்.

செப்டெம்பர் 27ஆம் திகதி அந்தப் பெரிய பரிமாற்றம் நடந்தது. போர்ட்லண்ட் அணியிலிருந்து டேமியன் லில்லார்ட் மில்வோக்கிக்கு வந்தார். அவருக்காக மில்வோக்கி கொடுத்தவை: லீக்கின் மிகச் சிறந்த தற்காப்பு வீரர்களுள் ஒருவரான ஜ்ரூ ஹொலிடே, கிரேசன் அலன், 2029ஆம் ஆண்டுக்கான முதற்சுற்று இளம் வீரர் தெரிவு உரிமை, 2028இலும் 2030இலும் தெரிவு வரிசையில் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை. சில நாட்களிலேயே போர்ட்லண்ட் ஹொலிடேயைப் பொஸ்டனுக்கு அனுப்பியது. ஒக்டோபரில் யானிஸ் புதிய ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். பரிமாற்றத்தின் மறைவான நோக்கம் அதுதான் என்றால் அது நிறைவேறியது.

மறுவருடம் ஜூனில் சம்பியன் கிண்ணத்தைத் தூக்கியது பொஸ்டன். அதன் பின்வரிசைத் தற்காப்பின் தூண் ஹொலிடே.

மில்வோக்கியின் கதையோ வேறு. பூடன்ஹோல்சரின் இடத்துக்கு வந்த ஏட்ரியன் கிரிஃபின் 43 ஆட்டங்களில் 30இல் வென்றிருந்த நிலையிலும் ஜனவரியில் நீக்கப்பட்டார். டொக் ரிவர்ஸ் வந்தார். 2024இல் இந்தியானாவிடம் முதற்சுற்றில் தோல்வி, யானிஸ் காயத்தால் விளையாடவில்லை. 2025இல் மீண்டும் இந்தியானா, மீண்டும் முதற்சுற்று, மீண்டும் 4-1. நான்காவது ஆட்டத்தில் லில்லார்டின் குதிநாண் அறுந்தது. தோல்விக்குக் காரணம் பயிற்றுநர் என்று முடிவெடுத்த அணி, இரண்டு பயிற்றுநர்களின் பின்னரும் அதே வாசலில் நின்றது.

இங்கே நாட்காட்டியையும் கவனிக்கவேண்டும். ஏப்ரல் கடைசியில் வெளியேறும் அணிக்கு ஜூன் பிற்பகுதியில் வரும் இளம் வீரர் தெரிவு வரை ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கிடைக்கின்றன. இறுதிப்போட்டி வரை போகும் அணிக்கு ஒன்றரை வாரம்கூட மிஞ்சாது. அதிக நேரம் உள்ளவர் நிதானமாக யோசிப்பார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். நடப்பது தலைகீழ். அந்த இரண்டு மாதங்களும் தொலைக்காட்சிக் கலந்துரையாடல்கள் அந்தத் தோல்வியை மென்றுகொண்டே இருக்கும். நானும் ஊடகம் படித்தவள் என்பதால் சொல்கிறேன், எதையும் மாற்றாமல் காத்திருப்போம் என்ற முடிவுக்குத் தலைப்பு வைக்கவே முடியாது. உரிமையாளருக்குப் பணக் கணக்கும் உண்டு. வீரர்களின் சம்பளம் வழமையான பருவகாலத்துக்கே கணக்கிடப்படுகிறது. பிளே-ஒஃப்பில் சொந்த மைதானத்தில் நடக்கும் ஒவ்வோர் ஆட்டத்தின் நுழைவுச்சீட்டுப் பணமும் பெருமளவுக்கு மேலதிக இலாபம். 2023இல் மில்வோக்கிக்கு அப்படி மூன்று ஆட்டங்களே கிடைத்தன.

அவசர முடிவு எப்போதும் பிழையா என்றால், இல்லை. அதற்கு ரொறன்ரோ சாட்சி. எங்களில் பலருக்கு இந்த விளையாட்டு வீட்டுக்குள் வந்ததே அந்த நகரத்தின் வழியாகத்தான். ஸ்காபரோவில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன் ராப்டர்ஸ் சட்டையோடு எடுத்த படத்தைக் குடும்ப வட்ஸ்அப்பில் போட்டபோதுதான் எனக்கும் இந்தப் பைத்தியம் பிடித்தது.

2018இல் ராப்டர்ஸ் 59 ஆட்டங்களில் வென்று தமது வரலாற்றின் சிறந்த பருவகாலத்தை முடித்தது. இரண்டாம் சுற்றில் லெப்ரோன் ஜேம்ஸின் கிளீவ்லண்டிடம் 4-0. பயிற்றுநர் டுவேன் கேசி நீக்கப்பட்டார். அடுத்த மாதம் அவரே அந்த வருடத்தின் சிறந்த பயிற்றுநராக அறிவிக்கப்பட்டார், அப்போது அவர் டெற்றோயிட் அணியின் பயிற்றுநர். ஜூலையில், ஒன்பது பருவகாலங்களாக ரொறன்ரோவின் முகமாக இருந்த டிமார் டிரோசன் சான் அன்ரோனியோவுக்கு அனுப்பப்பட்டு, கவாய் லெனார்ட் கொண்டுவரப்பட்டார். நகரமே கொதித்தது. பதினொரு மாதங்களில் ராப்டர்ஸ் சம்பியன்.

இதற்கும் மில்வோக்கிக்கும் என்ன வித்தியாசம்? ரொறன்ரோ 2016, 2017, 2018 என்று மூன்று வருடங்கள் அதே கிளீவ்லண்டிடம் தோற்றிருந்தது. கடைசி இரண்டு முறையும் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல். அது நான்கு ஆட்டங்களின் தகவல் அல்ல, மூன்று வருடங்களின் தகவல். அணித் தலைவர் மசாய் உஜிரியின் முன்னால் காயமும் இல்லை, எதிரணியின் திடீர் அதிர்ஷ்டமும் இல்லை. இந்த அணியின் உச்சி எதுவென்று அவர் கண்டுவிட்டார்.

அப்படியிருந்தும் அவருக்கும் அதிர்ஷ்டம் தேவைப்பட்டது. 2019 மே 12ஆம் திகதி பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டம், 90-90. மணி ஒலிக்க லெனார்ட் எறிந்த பந்து வளையத்தின் விளிம்பில் நான்கு தடவை துள்ளி உள்ளே விழுந்தது. அது வெளியே துள்ளி, மேலதிக நேரத்தில் பிலடெல்பியா வென்றிருந்தால்? ஒரே வருடம் விளையாடிவிட்டு லொஸ் ஏஞ்சலிஸ் போன ஒருவருக்காக டிரோசனை விற்றவர் என்றே உஜிரியின் பெயர் இன்று சொல்லப்பட்டுக்கொண்டிருக்கும்.

எதிர்ப்பக்கத்தில் டலஸ் இருக்கிறது. 2007இல் 67 ஆட்டங்களில் வென்ற டலஸ் மவரிக்ஸ், 42இல் மட்டும் வென்ற கோல்டன் ஸ்டேட்டிடம் முதற்சுற்றில் 4-2 என்று தோற்றது. கடைசி ஆட்டத்தில் டேர்க் நொவிட்ஸ்கி 13 எறிவுகளில் இரண்டை மட்டும் போட்டார். சில நாட்களில் லீக்கின் மிகப் பெறுமதியான வீரர் விருதை வாங்க அவர் மேடையேறியபோது அந்தப் படங்களில் சிரிப்பு ஒட்டவில்லை. அவரை விற்கவேண்டும், மென்மையானவர், பெரிய ஆட்டங்களுக்கு உதவமாட்டார் என்று எழுதாதவர்கள் குறைவு. உரிமையாளர் மார்க் கியூபன் அவரைத் தொடவில்லை. அடுத்த வருடம் பயிற்றுநர் போனார், சுற்றியிருந்தவர்கள் பலர் மாறினார்கள், 2008இலும் 2010இலும் மீண்டும் முதற்சுற்றுத் தோல்விகள் வந்தன. நொவிட்ஸ்கி அங்கேயே இருந்தார். 2011இல் டலஸ் சம்பியன்.

வெற்றியும் இதேபோல ஏமாற்றும், ஆனால் அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 2021இல் அட்லான்டா ஐந்தாம் இடத்திலிருந்து எழும்பி நியூயோர்க்கையும் பிலடெல்பியாவையும் வீழ்த்தி கிழக்குப் பிரிவு இறுதிக்குப் போனது. அந்தக் களிப்பில் தற்காலிகப் பயிற்றுநர் நிரந்தரமானார், ஜோன் கொலின்ஸுக்கு ஐந்து வருடங்களுக்கு 125 மில்லியன் டொலர், கெவின் ஹேர்ட்டருக்கு நான்கு வருடங்களுக்கு 65 மில்லியன் டொலர். அடுத்த வருடம் 43 வெற்றிகள், முதற்சுற்றில் 4-1 தோல்வி.

இப்போது இந்தப் பிழைகளின் விலை இன்னும் கூடியிருக்கிறது. 2023ஆம் ஆண்டு லீக்கும் வீரர் சங்கமும் செய்த உடன்படிக்கை, சம்பளச் செலவுக்கு இரண்டாவது எல்லைக்கோடு ஒன்றைப் போட்டது. அதைத் தாண்டும் அணி பரிமாற்றத்தில் இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒருவரை வாங்க முடியாது. ஏழு வருடங்களுக்குப் பிந்திய தெரிவு உரிமையை விற்கவும் முடியாது. பிழைவிட்டால் பணத்தைக் கொட்டித் திருத்தலாம் என்ற பழைய வழி அடைபட்டுவிட்டது. 2025இல் பொஸ்டன் இரண்டாம் சுற்றில் நியூயோர்க்கிடம் தோற்று, நட்சத்திர வீரர் ஜேசன் டேற்றமின் குதிநாணும் அறுந்தபோது, அந்த அணி ஹொலிடேயையும் போர்சிங்கிஸையும் கைவிட்டது. தோல்விதான் காரணம் என்று தலைப்புகள் சொல்லின. உண்மையில் அந்தச் சம்பளப் பட்டியலை எப்படியும் குறைத்தே ஆகவேண்டியிருந்தது. தோல்வி அதற்கு அனுமதி கொடுத்தது, அவ்வளவுதான்.

அதே கோடையில் மில்வோக்கியும் ஒரு முடிவெடுத்தது. காயத்தோடு இருந்த லில்லார்டை விடுவித்து, அவருக்குக் கொடுக்கவேண்டியிருந்த சுமார் 113 மில்லியன் டொலரை ஐந்து வருடங்களுக்குப் பிரித்துப் போட்டது. அதனால் கிடைத்த இடத்தில், தங்களை இரண்டு முறை வெளியேற்றிய இந்தியானாவிலிருந்து மைல்ஸ் டேர்னரை வாங்கியது. 2029-30 பருவகாலம் வரை, களத்தில் இல்லாத ஒருவருக்காக வருடத்துக்கு சுமார் 22.5 மில்லியன் டொலர் மில்வோக்கியின் சம்பளக் கணக்கில் ஏறும்.

விடுவிக்கப்பட்ட லில்லார்ட் போர்ட்லண்டுக்கே திரும்பிப் போய்விட்டார். பொஸ்டன் கைவிட்ட ஹொலிடே போய்ச் சேர்ந்ததும் போர்ட்லண்டுக்குத்தான். 2025 கோடை முடியும்போது, பரிமாற்றத்தில் மில்வோக்கி கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே அணியில் இருந்தார்கள். 2028க்கும் 2030க்கும் மில்வோக்கி எழுதிக் கொடுத்த உரிமைகளும் அதே அணியின் பெட்டிக்குள் இருந்தன.