ரசீதில் சரக்கின் பெயரை எழுதுவோம்

கம்பைநல்லூர் கடைவீதியில் இருந்துகொண்டு கார் பெயின்டைப் பற்றி எழுதுவானேன் என்று சில அன்பர்கள் நினைக்கக்கூடும். காரணம் இருக்கிறது. நம் வட்டாரத்தில் மண்டிக்காரரும் உரக்கடைக்காரரும் ஜவுளிக்கடைக்காரரும் கடன் வாங்கியாவது ஒரு கார் வாங்கிவிடுகிறார்கள். அந்த வண்டி மொரப்பூர் சாலையிலும் காரிமங்கலம் சாலையிலும் ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் போகிறது. பிறகு தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஏறி எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆறு மாதம் கழித்துப் பானெட்டைக் கிட்டே போய்ப் பார்த்தால் உளுந்தை வாரி இறைத்தாற்போல் புள்ளி புள்ளியாகப் பெயின்ட் பெயர்ந்திருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் கல்லின் அடி நான்கு மடங்காகும் என்பது கணக்கு. புதுச் சாலை போடும் இடத்தில் கொட்டிக் கிடக்கும் முக்கால் இஞ்ச் ஜல்லிக்குப் பழைய வண்டி, புது வண்டி என்ற பேதம் கிடையாது.

இதற்குத் தடுப்பாக வந்திருப்பதுதான் பெயின்ட் மேல் ஒட்டும் கண்ணாடி போன்ற ஃபிலிம். பி.பி.எஃப். என்று சுருக்கிச் சொல்கிறார்கள். இது நேற்று முளைத்த சரக்கு அல்ல. வியட்நாம் போர்க் காலத்தில் ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கைகளை மணல் அரிக்காமல் இருக்க அமெரிக்காவின் த்ரீ எம் கம்பெனி செய்த பாலியூரித்தேன் பட்டையின் வழிவந்தது. பந்தயக் கார்களுக்குப் போய், பிறகு சாலைக் கார்களுக்கு வந்தது. பெருநகரக் கடைகளோடு நின்றிருந்த இந்த வியாபாரம் இப்போது சிறு ஊர்களின் ஸ்டிக்கர் கடை, சீட் கவர் கடை, டயர் கடை வரைக்கும் வந்துவிட்டது. வரட்டும், புது வியாபாரம் வருவதில் நமக்கு மகிழ்ச்சியே. அது எப்படி விற்கப்படுகிறது என்பதில்தான் நமக்குக் கவலை.

நமது உறுப்பினர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். அவர் புதுக் கார் எடுத்தார். வெளியூர்க் கடை ஒன்றில் (ஊரையும் கடையையும் சொல்லப்போவதில்லை) வண்டி முழுவதும் ஃபிலிம் ஒட்டிக்கொண்டார். மற்ற இடத்தில் ஒரு லட்சத்தை எட்டும் வேலையை, அங்கே அதில் பாதிக்கும் கீழே முடித்துத் தந்தார்கள். “பத்து வருஷம் கியாரண்டி அண்ணே, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுங்க” என்று சொன்னார்களாம். பதினான்காவது மாதம் வெள்ளை வண்டி பழைய பாத்திர ஈயம் போலப் பழுத்து மஞ்சளடித்தது. ஓரங்கள் சுருங்கி எழும்பின. திரும்பப் போய்க் கேட்டார். “வெயில்ல நிறுத்தினா நாங்க என்ன செய்ய?” என்ற பதில் கிடைத்தது. தர்மபுரி மாவட்டத்தில் வண்டியை வெயிலில் நிறுத்தாமல் வேறெங்கே நிறுத்துவது? ஃபிலிமை உரித்தபோது, முன்பு ஒருமுறை கீறல் விழுந்து மறுபூச்சு செய்த ஒரு கதவில் பெயின்டும் சேர்ந்து உரிந்து வந்தது. அவரிடம் இருந்த ரசீதை வாங்கிப் பார்த்தோம். “கார் வேலை” என்று இரண்டே சொல். என்ன ஃபிலிம், எந்தக் கம்பெனி, எத்தனை மைக்ரான், எதுவும் அதில் இல்லை.

மைக்ரான் என்பதை நமக்குக் கற்றுக்கொடுத்தது கேரி பேக். 2016-இல் ஐம்பது மைக்ரான் என்றார்கள். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் எந்தத் தடிமனிலும் கூடாது என்றார்கள். மத்திய விதி 2021-இல் எழுபத்தைந்தாகி, 2022 கடைசியில் நூற்றிருபதாயிற்று. அபராதம் கட்டியே அந்தச் சொல்லை மனப்பாடம் செய்துகொண்டோம். அதே கணக்கில் இதையும் பாருங்கள். கம்பெனியில் அடித்து வரும் கார் பெயின்ட், அடிப்பூச்சு முதல் மேல் வார்னிஷ் வரை எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். கல்லைத் தாங்கும் ஃபிலிம் 150 முதல் 200 மைக்ரான் இருக்கும். அதாவது, பெயின்டைவிடத் தடிமனான ரப்பர் போன்ற தோல் ஒன்று அடியை வாங்கிக்கொள்கிறது. செராமிக் கோட்டிங் என்று விற்கிறார்களே, அது ஓரிரு மைக்ரான் மட்டுமே. பளபளப்புக்கும் தண்ணீர் ஒட்டாமல் வழிவதற்கும் அது நல்லது, கல்லைத் தடுக்காது. இதைத் தெரிந்தே மறைத்து, “இதுவே போதும் சார், கல்லு பட்டாலும் ஒண்ணும் ஆகாது” என்று விற்பதை நம் காதாலேயே கேட்டோம்.

தடிமன் மட்டும் போதாது, பிளாஸ்டிக்கின் இனமும் முக்கியம். நல்ல சரக்கு டி.பி.யு. எனப்படும் பாலியூரித்தேன்; அதிலும் வெயிலில் மஞ்சளிக்காத அலிஃபாட்டிக் வகை. மலிவுச் சரக்கு பி.வி.சி. டி.பி.எச். என்று புதுப்பெயரில் வருவதும் பெரும்பாலும் பி.வி.சி.யை மென்மைப்படுத்தியதுதான். மென்மைக்காக அதில் சேர்த்த எண்ணெய்ப் பொருள் நாளடைவில் வெளியேற, ஃபிலிம் விறைத்துச் சுருங்குகிறது. ரோலைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றரை மீட்டர் அகலம், பதினைந்து மீட்டர் நீளம், கண்ணாடி போன்ற பளபளப்பு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ பெங்களூரு ஜே.சி. சாலையிலோ கொள்முதல் செய்கிற நம் வியாபாரியே ஏமாறலாம். ஆகவே ஒரு சோதனையைச் சொல்கிறோம். ஒரு செம்புக் கம்பியைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, ஃபிலிமின் துண்டில் தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது, பி.வி.சி. என்று கொள்ளலாம். கடைக்கு வெளியே, காற்றோட்டத்தில் செய்யுங்கள், புகை ஆகாது. ஒட்டும் பக்கத்தில் வரும் தாளை உரித்துவிட்டு ஃபிலிமை மட்டும் சோதியுங்கள். இந்தச் சோதனையில் தேறியதெல்லாம் முதல் தரம் என்று அர்த்தமல்ல. பாலியூரித்தேனிலேயே மஞ்சளிக்கும் இனமும் உண்டு. அதற்குக் கம்பெனியின் தரச்சீட்டைக் கேட்டு வாங்குவது தவிர வழியில்லை. தரச்சீட்டு தராத மொத்த வியாபாரியிடம் ரோல் எடுக்க வேண்டாம்.

பி.வி.சி. விற்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் வண்டியை மாற்றிவிடப் போகிறவர் அதைக் கேட்டு வாங்கலாம். விலையும் அதற்கேற்றபடி இருக்கும். பி.வி.சி.யைப் பி.வி.சி. என்று சொல்லி விற்பது வியாபாரம். டி.பி.யு. என்று சொல்லி விற்பது, மிளகில் பப்பாளி விதை கலப்பதற்குச் சமானம். மளிகைக்கடைக்காரருக்கு அந்தப் பழி வந்தபோது சங்கம் எவ்வளவு வெட்கப்பட்டது என்பது மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும்.

இன்னொன்று, எல்லா வண்டிக்கும் முழு ஃபிலிம் தேவையா? கல் படுவது முன் பம்பர், பானெட்டின் முன் பாகம், பக்கக் கண்ணாடிகளின் முதுகு, சக்கரத்துக்குப் பின்னால் கதவின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில்தான். கூரையில் கல் விழ மலைப்பாதையில் பாறை உருள வேண்டும். முன்பக்கம் மட்டும் ஒட்டினாலே முக்கால் வேலை முடிந்தது. பத்து வருடம் ஓடிய வண்டியோடு ஒருவர் வந்தால், சில நூறு ரூபாய் டச்சப் பெயின்டைக் கொடுத்து, இரும்பு தெரியும் புள்ளிகளைத் துருப்பிடிக்கும் முன் மூடிக்கொள்ளச் சொல்வதே நியாயம். அன்று கல்லாவில் விழுவது குறையும். அடுத்த வண்டிக்கு அவர் நம்மிடம்தான் வருவார்.

இன்ஷூரன்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறு கார்களுக்கு முதல் ஆயிரம் ரூபாயும், 1500 சி.சி.க்கு மேற்பட்டவற்றுக்கு இரண்டாயிரமும் நம் கையிலிருந்தே போகும். பானெட் பெயின்டுக்காக உரிமை கோரினால், க்ளெய்ம் செய்யாதவர்களுக்குக் கிடைக்கும் 20 முதல் 50 சதவீதம் வரையிலான போனஸ் தள்ளுபடியும் பறிபோகும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பல நேரம் நஷ்டமே.

சட்டத்தையும் நினைவூட்டுகிறோம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ரசீது தராமலிருப்பதே முறையற்ற வணிகம். வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சேலத்தில் ஒட்டிய ஃபிலிமுக்குத் தர்மபுரியில் வழக்கு வரும். கம்பெனி கொடுக்காத உத்தரவாதத்தைக் கடைக்காரர் தாமாகக் கொடுத்திருந்தால் பொறுப்பு அவர் தலையில் விழும். “பத்து வருஷம்” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லுமுன் இதை யோசிக்க வேண்டும். 2012-இல் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிமைத் தடுத்தபோது ரோல் ரோலாகச் சரக்கு தேங்கிப்போன கடைக்காரர்களுக்கு இந்தத் தொழிலின் ஆபத்து தெரியும். பெயின்ட் ஃபிலிம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல, நிறமற்றதற்குத் தொந்தரவில்லை. ஆனால் வண்டியின் நிறத்தையே மாற்றும் ஃபிலிம் கேட்டு வந்தால், ஆர்.சி. புத்தகத்தில் நிறம் பதிவாகியிருக்கிறது என்பதைச் சொல்லி, போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து வரச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சொல்லச் சங்கடமான ஒன்று. பெயின்டைப் பெயர்க்கும் அந்த ஜல்லி எங்கிருந்து வருகிறது? நம் உறுப்பினர்களிலேயே கட்டுமானப் பொருள் வியாபாரிகளும் டிப்பர் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். விளிம்புக்கு மேல் கூம்பாக ஏற்றி, தார்ப்பாயைச் சுருட்டி மேலே வைத்துக்கொண்டு போகும் வண்டிகளை நாள்தோறும் பார்க்கிறோம். கார்க்காரருக்குப் பெயின்ட் போகிறது. பின்னால் இருசக்கர வாகனத்தில் வருபவருக்குக் கண்ணே போகும். அவருக்கு ஒட்டிவிட எந்த ஃபிலிமும் இல்லை. தார்ப்பாயை விரித்துக் கட்டப் பத்து நிமிடம் பிடிக்குமா? நடைக்கு நடை நேரம் போகிறது என்ற சமாதானத்தை நாம் ஏற்கவில்லை.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மாதிரி ரசீது ஒன்றை வைக்க இருக்கிறோம். ஃபிலிமின் இனம், கம்பெனி பெயரும் ரோல் எண்ணும், மைக்ரான், ஒட்டிய பாகங்கள், மறுபூச்சு செய்த இடம் உண்டா என்ற குறிப்பு, உத்தரவாதம் கம்பெனியுடையதா கடையுடையதா என்பது, எல்லாம் அதில் வரும். மறுபூச்சுச் செய்த இடத்தில் ஒரு மாதமாவது கழித்தே ஒட்டுவோம் என்ற வரியும் இருக்கும். கார் அலங்காரக் கடை வைத்திருப்பவர்கள் தவறாமல் வந்து, கூட்ட வேண்டியதையும் குறைக்க வேண்டியதையும் சொல்லுங்கள். டிப்பர் உரிமையாளர்களும் வந்தால் நல்லது. அவர்களுக்கும் பேச அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.