ரத்தத்தில் தறி ஓடுமா?

ஐடி கம்பெனியில் ஆட்குறைப்புப் பேச்சு அடிபடும்போதெல்லாம் நாற்பதைத் தொட்டவர்களிடம் ஒரு வசனம் கேட்கலாம்: "பேசாம ஊருக்குப் போய் தாத்தா தொழிலையே பாத்துடலாம்." தாத்தா உழுதவர் என்றால் வயல், நெய்தவர் என்றால் தறி. தொழில் ரத்தத்திலேயே ஊறிக் கிடக்கிறது, பேரன் போய் உட்கார்ந்தால் கை தானாக ஓடும் என்று பலரும் நம்புகிறார்கள்.

காஞ்சிபுரத்துக் குழித்தறியில் உட்கார்ந்து பார்த்தால் இந்த நம்பிக்கை ஒரு மணி நேரம் தாங்காது. கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறம், இரு கரைகளுக்கும் வேறு நிறம். அதனால் ஊடை இழையைச் சுமந்து ஓடும் நாடா மூன்று. பழைய முறையில் தனியாளாக நெய்ய முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உடலும் கரையும் சேரும் இடத்தில் ஊடை இழைகள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் சேலையில் தெரிந்துவிடும். தறியில் நீளவாட்டில் பூட்டிய ஒரு பாவு தீர்ந்து அடுத்தது ஏறும்போது பழைய இழை நுனியோடு புது இழை நுனியை ஒவ்வொன்றாகத் திரித்துப் பிணைக்க வேண்டும். அப்படி ஆயிரக்கணக்கான இழைகள். வெள்ளெழுத்து விழத் தொடங்கிய கண்ணுக்கு அது என்ன பாடு!

தாத்தாவுக்கு மட்டும் எப்படி வந்தது? பக்கத்தில் உட்காரும் அந்த 'இன்னொருவர்' பல வீடுகளில் அன்று சின்னப் பிள்ளைதான். தாத்தாவும் அப்படி உட்கார்ந்தவர்தான். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் தறியடியில் கழிந்த ஆண்டுகள்தான் அவர் கைக்கு வந்த பழக்கம். வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக அடுத்தவர் தறியில் பிள்ளையை உட்காரவைத்த கொடுமையும் காஞ்சிபுரம் வட்டாரத்தில் நடந்ததுதான். பரம்பரைத் திறமை என்று சிலாகிப்பவர்கள் இந்தப் பகுதியை மட்டும் வசதியாகத் தாண்டிவிடுகிறார்கள்.

இந்த நம்பிக்கை ஒருமுறை அரசாங்கத் திட்டமாகவே வந்தது. 1953-ல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெரியார் கொதித்தார். தி.மு.க.வும் எதிர்த்தது. 1954-ல் ராஜாஜி விலகி காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, தேங்கிய கைத்தறித் துணியைத் தெருவில் சுமந்து விற்றவர். அவரும் நெசவாளர் பிள்ளை தறிக்கே போகட்டும் என்று சொல்லவில்லை. அன்று போராடி வாங்கிய விடுதலையை இன்று பேரன் ஏக்கத்தோடு திருப்பிக் கொடுக்கப் பார்ப்பது வேடிக்கைதான்.

நடுவயதில் கைத்தொழிலுக்கு மாறுவதில் தப்பே இல்லை, கற்றுக்கொண்டு மாறினால். சேலத்தில் 1960-லிருந்து இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் நெசவைப் பாடமாகவே நடத்துகிறது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையும் 18 வயது வரம்பும் கொண்ட கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை மறுத்த தமிழ்நாடு, தன் கலைஞர் கைவினைத் திட்டத்தில் குறைந்தபட்ச வயதை 35 ஆக்கி, குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டது. அங்கே தாத்தா யார் என்று யாரும் கேட்பதில்லை.

வருமானத்தையும் பார்த்துவிடலாம். 2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் கீழேதான் சம்பாதித்தன. மகனைத் தறியிலிருந்து எழுப்பிப் பாலிடெக்னிக்குக்கு அனுப்பிய தாத்தாவுக்கு இந்தக் கணக்கு விரல் நுனியில் இருந்தது.

"அப்படியானால் திரும்பிப் போய் ஜெயித்தவர்கள்?" என்று கேட்கலாம். இருக்கிறார்கள். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், அவர்களில் பலர் குழிக்குள் கால் விடுவதில்லை. இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுக்கிறார்கள், நூல் வாங்கிக் கொடுக்கிறார்கள், நெய்பவரிடம் கூலி பேசுகிறார்கள். தாத்தா காலத்தில் இந்த வேலையைச் செய்தவரை ஊரில் முதலாளி என்றுதான் கூப்பிட்டார்கள்.