பிள்ளை பெறச் சொல்லும் முன்

கல்யாண மேடை ஏறுகிறவர்கள் எல்லாம் இப்போது மணமக்களிடம் பிள்ளைக் கணக்குப் பேசுகிறார்கள். 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, மாநிலத்தில் முதியோர் பெருகுகிறார்கள், கூடுதலாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். அதே மாதம் தமிழக முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலினும் சென்னையில் ஒரு திருமண விழாவில் பதினாறு பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், தாமதிக்காமல் பெற்றுக்கொள்ளச் சொன்னார். இன்று டீக்கடை பெஞ்சுவரை அதே பேச்சு: கிழவர்கள் பெருகிவிட்டார்கள், இளசுகள் பெற மறுக்கிறார்கள், பிள்ளை பெற்றால் எல்லாம் சரியாகிவிடும். இது பொய்யான ஆறுதல். சேலம், நாமக்கல் பக்கம் இதை உரக்கச் சொல்ல எவருக்கும் அருகதை கிடையாது.

1991 கணக்கெடுப்பில், நாமக்கல் பிரியாத அன்றைய சேலம் மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண் குழந்தைகள் 849 பேர்தான். தமிழகம் முழுவதற்கும் அது 948. மீதி மகள்கள் எங்கே போனார்கள் என்று இந்த மண்ணில் எல்லோருக்கும் தெரியும். வேண்டாமென்று விடப்படும் பெண் குழந்தைகளை ஏற்கும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-ல் ஜெயலலிதா அரசு சேலத்தில் தொடங்கியது சும்மா அல்ல. பிறந்த பெண் சிசுவைக் கொன்ற கள்ளிப்பாலுக்குப் பின், கருவிலேயே அழிக்க ஸ்கேன் வந்தது. பத்தாண்டு கழித்து, 2001-லும் சேலத்தின் கணக்கு 851-ஐத் தாண்டவில்லை. அந்த மகள்கள் இருந்திருந்தால் இன்று முப்பத்தைந்து, நாற்பது வயதில் இருப்பார்கள். படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றுவதும் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதும் நம் வீடுகளில் பெரும்பாலும் மகளும் மருமகளும்தானே? அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்திருக்கும். பிறந்ததையும் பிறக்க இருந்ததையும் அழித்துவிட்டு, பிறகு பெண் கிடைக்கவில்லை என்று பாலக்காட்டுப் பக்கம் வரன் தேடிப் போன சமூகம், எஞ்சியிருக்கும் பெண்களிடம் வந்து இன்னும் இரண்டு பெறு என்கிறது. 849 என்ற அந்த எண்ணுக்குப் பதில் சொல்லாமல் பிள்ளைப்பேற்றைப் பற்றி இங்கே யாரும் வாய் திறக்கக் கூடாது.

வேலைக்கு ஆள் வேண்டாமா என்கிறார்கள். நாமக்கல் கோழிப்பண்ணையிலும் பள்ளிபாளையம் தறிப்பட்டறையிலும் நூற்பாலையிலும் ஒடிசா, பீகார் இளைஞர்கள் உழைக்கிறார்கள். அவர்களுக்கு ஒழுங்கான கூலியும் குடியிருக்க வீடும் கொடுக்க மனமில்லாதவர்கள்தான் ஆள் பஞ்சம் பாடுகிறார்கள். இன்று பிறக்கும் குழந்தை வேலைக்கு வர இருபது ஆண்டுகள் ஆகும். அறுபதைத் தாண்டியவர்கள் தமிழகத்தில் 2011-ல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031-ல் பதினெட்டுப் பேர் என்பது மத்திய அரசு நியமித்த வல்லுநர் குழுவின் மதிப்பீடு. அந்த முதியவர்கள் எல்லோரும் இன்றே ஐம்பதைக் கடந்தவர்கள். எத்தனை தொட்டில் கட்டினாலும் அவர்களில் ஒருவர்கூடக் குறையப் போவதில்லை. மக்கள்தொகை குறைந்தால் நாடாளுமன்றத் தொகுதியும் குறைந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. 1971 மக்கள்தொகையை வைத்து நிறுத்திவைத்த தொகுதிக் கணக்கைத் திறந்தால், குடும்பக் கட்டுப்பாட்டைச் செய்துகாட்டிய நமக்கு அது அநீதிதான். ஆனால் அதை டெல்லியில் வாதாடி வெல்ல வேண்டும். கட்சிகளின் சண்டைக்குப் பெண்ணின் வயிறு ஆயுதமா?

ஒன்றோடு நிறுத்துகிறவர்களைச் சுயநலக்காரர்கள் என்று ஏசுவதும் அநியாயம். ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் உறைவிடப் பள்ளிக் கட்டணத்தை இலட்சக்கணக்கில் ஏற்றிவைத்ததும், மார்க் வாங்காத பிள்ளையைப் பிள்ளையாகவே மதிக்காததும் இதே பெரியவர்கள்தான். முதியவர்கள் மேல் உண்மையான அக்கறை இருந்தால், வட்டாரத்துக்கு வட்டாரம் பகல்நேரப் பராமரிப்பு இல்லமும் வீடு தேடி வரும் நர்ஸும் கேட்டிருக்க வேண்டும். முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு, எண்பது வயதுக்கு உட்பட்டவருக்கு, 2007 முதல் மாதம் 200 ரூபாய். விலைவாசி பல மடங்கு ஏறியும் அது ஏறவில்லை. மாநில அரசு தன் பணத்தைச் சேர்த்து 2023-ல் அதை 1,200 ஆக்கியது. பதினாறு பெறச் சொல்லும் மேடையில் இந்த 200 ரூபாயைப் பற்றி ஏன் ஒருவரும் பேசவில்லை?