அருவிக்கு மேலே யார் வயல்?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தென்மேற்கே 'ஸ்டார்வ்டு ராக்' என்றொரு மாநிலப் பூங்கா இருக்கிறது. பெயருக்குப் பட்டினிப் பாறை என்று பொருள். எதிரிகள் சூழ்ந்துகொண்டபோது இந்தப் பாறை மேல் ஏறி நின்ற பழங்குடி மக்கள், இறங்க வழியில்லாமல் பட்டினியாலேயே மாண்டார்கள் என்று அந்த வட்டாரத்தில் ஒரு கதை வழங்குகிறது. பிள்ளைகளைப் பார்க்க சிகாகோ பக்கம் போகும் நம்ம ஊர்ப் பெற்றோர்களை ஒருநாள் சுற்றிக்காட்ட அழைத்துப் போகிற இடங்களில் இதுவும் ஒன்று. என்னையும் ஒரு மே மாதத்தில் அழைத்துப் போனார்கள்.

பூங்கா என்றதும் நமக்குப் பூச்செடியும் ஊஞ்சலும்தான் நினைவுக்கு வரும். அங்கே 'ஸ்டேட் பார்க்' என்றால் மாநில அரசு வாங்கிப் பாதுகாக்கும் காடு, ஆறு, அருவி எல்லாம் சேர்ந்தது. இல்லினாய் ஆற்றின் தென்கரையில் மணற்பாறையை அறுத்துக்கொண்டு 18 பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. மழைக்குப் பிறகும், பனி உருகும் காலத்திலும் அவற்றில் பலவற்றில் அருவி விழும். லாசால் என்ற பள்ளத்தாக்கில் அருவிக்குப் பின்பக்கமாகவே நடந்து போகலாம். தலைக்கு மேல் பாறை, முன்னால் தண்ணீர்த் திரை. அழகுக்குக் குறைச்சல் இல்லை. ஆண்டுக்கு 20 லட்சம் பேர் வந்து போகிறார்கள் என்றால் சும்மாவா?

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுவோம். இந்த இடத்தை 1911-இல் மாநில அரசு வாங்கியது. 1933-இல் பெரும் பொருளாதார வீழ்ச்சியின்போது ரூஸ்வெல்ட் அரசு வேலையில்லாத இளைஞர்களைத் திரட்டி ஒரு படை அமைத்தது. மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் வீட்டுக்குப் போய்விடும். மரம் நடுவது, மண்ணரிப்பைத் தடுப்பது, பூங்காக்களில் பாதை போடுவது என்று நாடு முழுக்க வேலை செய்தார்கள். ஸ்டார்வ்டு ராக்கில் நடைபாதைகளையும் மரத்தாலான விடுதியையும் கட்டியவர்கள் அவர்கள்தான். நாங்கள் போனபோது நுழைவுக் கட்டணம் எதுவும் கேட்கவில்லை. குப்பையும் கண்ணில் படவில்லை. இவ்வளவும் சரி.

ஆனால் அன்றைக்கு அருவியில் விழுந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. முந்தைய நாள் நல்ல மழை. கூட வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உழவு பார்க்கிறவன் கண் அப்படியே மேலே போகும் இல்லையா? இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பூங்காவின் மரங்கள் முடியும் இடத்திலிருந்து தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல். அருவிகளுக்கு வரும் ஓடைகள் அந்த வயல்வெளியிலிருந்துதான் கிளம்புகின்றன. மே மாதம் அங்கே விதைப்புக் காலம். ஒரு புல் பூண்டு இல்லாமல் கறுப்பு மண் திறந்து கிடந்தது. ஒரே பயிர், அல்லது இரண்டே பயிர்: மக்காச்சோளம், சோயா. இந்த ஆண்டு இது என்றால் அடுத்த ஆண்டு அது.

அந்தக் கறுப்பு மண் எப்படி வந்தது என்று நம் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 'பிரெய்ரி' என்று சொல்லும் புல்வெளி, பத்தடி, பதினைந்தடி ஆழத்துக்கு வேர்விட்டு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கி உண்டாக்கிய மண் அது. இல்லினாயில் 2 கோடி ஏக்கருக்கு மேல் இருந்த புல்வெளியில் இன்று பழைய நிலையில் மிஞ்சியிருப்பது சில ஆயிரம் ஏக்கர்தான். மீதியெல்லாம் உழவுக்குப் போய்விட்டது.

அந்த நிலம் இயல்பில் ஈரம் தங்கும் நிலம். அதனால் நிலத்துக்கு அடியில் மூன்று, நான்கு அடி ஆழத்தில் துளையிட்ட குழாய்களைப் பதித்து வைத்திருக்கிறார்கள். முன்பு சுட்டமண் குழாய், இப்போது பிளாஸ்டிக். மழைநீர் மண்ணில் தங்காமல் குழாய் வழியாக ஓடைக்குப் போய்விடும். இல்லினாயில் மட்டும் சுமார் ஒரு கோடி ஏக்கருக்கு இப்படிக் குழாய் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். நாம் ஒரு மழையைப் பிடித்துவைக்க வரப்பு உயர்த்துகிறோம், அவர்கள் வெளியேற்றக் காசு செலவழிக்கிறார்கள். அவரவர் மண், அவரவர் மழை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் அந்தத் தண்ணீரோடு போவதில் இருக்கிறது. மக்காச்சோளத்துக்கு அங்கே ஏக்கருக்கு 70, 80 கிலோ தழைச்சத்து போடுகிறார்கள். நம்ம ஊர் 45 கிலோ யூரியா மூட்டையில் கணக்குப் போட்டால் சுமார் மூன்றரை மூட்டை வரும். பயிர் எடுத்தது போக மிச்சம் நைட்ரேட்டாக மாறித் தண்ணீரில் கரைகிறது. குழாய், ஓடை, அருவி, இல்லினாய் ஆறு, மிசிசிப்பி ஆறு, கடைசியில் மெக்சிகோ வளைகுடா. அங்கே அந்தச் சத்தைத் தின்று பாசி பெருகுகிறது. பாசி செத்து மக்கும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. கோடைதோறும் கடலுக்குள் மீன் வாழ முடியாத ஒரு பரப்பு உண்டாகிறது. அதற்கு 'சாவு மண்டலம்' என்றே பெயர். 2017-இல் அளந்தபோது அது 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. இந்தச் சாவுக்கு இல்லினாய் ஒன்று மட்டும் காரணமில்லை. ஆனால் அதன் பங்கு பெரிது என்பதை அந்த மாநில அரசே ஒப்புக்கொண்டு, நைட்ரேட்டையும் மணிச்சத்தையும் 45 விழுக்காடு குறைக்கவேண்டும் என்று 2015-இல் திட்டம் வகுத்தது.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். அருவியைப் பாதுகாத்துவிட்டோம் என்று எல்லைக்கல் நட்டு, விடுதி கட்டி, நடைபாதை போட்டுப் பெருமைப்படுகிறார்கள். பாறையும் மரமும்தான் பாதுகாப்பாக இருக்கின்றன. அருவி என்பது பாறை இல்லை, தண்ணீர். அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று முடிவு செய்வது பூங்கா அதிகாரி இல்லை, மேலே உழுகிற உழவர். அவருக்கு அந்தப் பொறுப்பை யாரும் கொடுக்கவில்லை. அதற்கு ஒரு பைசா கூலியும் கிடையாது. அவருக்கு வருமானம் வருவது குவிண்டால் கணக்கில்தான்.

கூலி கொடுக்காமல் பொறுப்பை மட்டும் தலையில் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலமான ஐயோவாவில் ஓர் உதாரணம் உண்டு. டெ மொயின் நகரத்தின் குடிநீர் நிறுவனம், ஆற்றில் வரும் நைட்ரேட்டை நீக்கிக் கட்டுப்படியாகாமல், மேலே உள்ள மூன்று மாவட்டங்களின் வடிகால் அமைப்புகள் மேல் 2015-இல் வழக்குப் போட்டது. 2017-இல் வழக்கு தள்ளுபடியானது. இதைத் தீர்க்கவேண்டியது சட்டமன்றம் என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீர் சுத்தமாகவில்லை. ஊருக்கும் உழவருக்கும் நடுவே பகைதான் மிச்சம்.

வேறு வழி இல்லாமல் இல்லை. அதே ஐயோவாவில் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2007-இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். வயலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்து, சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாகப் பழைய புல்வெளிச் செடிகளை விதைத்தார்கள். மீதி ஒன்பது பங்கில் வழக்கம்போல மக்காச்சோளம், சோயா. வயலை விட்டு அடித்துப் போகும் மண் 95 விழுக்காடு வரை குறைந்தது. தேனீயும் பறவையும் திரும்பி வந்தன. 2018-இல் வந்த வேளாண் சட்டத்துக்குப் பிறகு, இந்தப் பட்டைகளுக்கு அரசே வாடகை கொடுக்கிறது. நிலத்தைக் கொஞ்சம் ஓய்வில் விடும் உழவருக்கு ஆண்டு வாடகை தரும் திட்டம் அங்கே 1985-லிருந்தே நடக்கிறது. பத்து, பதினைந்து ஆண்டு ஒப்பந்தம். வங்கியில் காலம் தள்ளிய எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த செய்தி. தண்ணீரைச் சுத்தமாக அனுப்புவதும் ஒரு விளைச்சல், அதற்கும் விலை உண்டு என்று ஓர் அரசாங்கம் கணக்கில் எழுதியிருக்கிறது.

"அவன் ஆயிரம் ஏக்கர் வெச்சிருக்கான், பத்துல ஒண்ணு விடுவான். அரை ஏக்கர்காரன் எங்க சார் விடுவான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த ஆயிரம் ஏக்கரில் வரப்பே கிடையாது. நம் அரை ஏக்கரைச் சுற்றி நாலு பக்கமும் வரப்பு இருக்கிறது. அவர்கள் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த பட்டை, நம்மிடம் தாத்தா காலத்திலிருந்தே இருக்கிறது. அருகம்புல்லும் கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் முளைத்துக் கிடக்கும் வரப்பு, மண்ணையும் சத்தையும் பிடித்துவைக்கிற வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. அதை நாம் என்ன செய்கிறோம்? டிராக்டர் திரும்ப இடைஞ்சல் என்று செதுக்கி ஒரு சாண் ஆக்குகிறோம். மிச்சம் இருப்பதிலும் களைக்கொல்லி அடித்துக் கருக்குகிறோம். புதிதாக இடம் விட வேண்டியதில்லை, இருக்கிற வரப்பை உயிரோடு விட்டாலே போதும்.

மலைப்பக்கம் பிரச்சினை இன்னும் கடுமை. நீலகிரியில் சரிவில் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிராகும் நிலங்களை ஒரு மழை நாளில் பார்த்தால் போதும். அங்கே கரையும் உரம் பவானிக்கு வருகிறது. பவானி காவிரிக்கு வருகிறது. கீழே நாம் ஆற்றுப் பாசனத்தில் இயற்கை வேளாண்மை செய்கிறோம் என்று பெயர்.

நம் கூட்டத்தாரும் ஒன்றை மனதில் வைக்கவேண்டும். இயற்கை வேளாண்மை என்றாலே வெளியே போகும் தண்ணீர் சுத்தம் என்று ஆகிவிடாது. சான்றிதழுக்கு வருகிறவர்கள், பக்கத்து வயல் வேதிநீர் நம் வயலுக்குள் வராமல் இருக்கிறதா என்று வரப்பையும் இடைவெளியையும் பார்க்கிறார்கள். நம் வயலிலிருந்து என்ன போகிறது என்பது பெரிய பேச்சாக இல்லை. மழைக்கு முன்னால் ஓடைக்கரையில் பச்சைச் சாணத்தைக் குவித்து வைத்தால், கோழி எருவை அளவில்லாமல் கொட்டினால், அதுவும் கரைந்துதான் போகும். சாணத்திலிருந்து வந்தாலும் யூரியாவிலிருந்து வந்தாலும் நைட்ரேட் நைட்ரேட்தான். மூடாக்கும் பலதானிய விதைப்பும் வெறும் மண் வளத்துக்கு மட்டுமில்லை. திறந்து கிடக்கும் மண்ணை மழை தொடாமல் இருப்பதற்கும்தான்.

அரசிடமும் வங்கியிடமும் நாம் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. பயிர்க்கடனுக்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆண்டுதோறும் ஒரு தொழில்நுட்பக் குழு கூடி, இந்தப் பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கிறது. 'ஸ்கேல் ஆஃப் பைனான்ஸ்' என்பார்கள். அந்தக் கணக்கில் விதை, உரம், மருந்து, ஆள் கூலி எல்லாம் வரும். வரப்பு உயர்த்துவது, உயிர்வேலி, சரிவில் வெட்டிவேர் வரிசை, இவற்றுக்கு அதில் பெரும்பாலும் இடம் இருக்காது. உர மூட்டைக்குக் கடன் கிடைக்கும், உரம் ஓடாமல் தடுக்கக் கடன் கிடைக்காது. இதை மாற்ற புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். குழுக்கூட்டம் நடப்பதற்கு முன்னால் உழவர் அமைப்புகள் எழுத்தில் கேட்டால் பேச்சுக்காவது எடுப்பார்கள். தமிழக அரசின் 2023-ஆம் ஆண்டு இயற்கை வேளாண்மைக் கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கலாம்.

இன்னொன்று, நாம் மாறுகிற முறை. இங்கே ஒரு ஏக்கர், அங்கே இரண்டு ஏக்கர் என்று தனித்தனித் தீவாக இயற்கைக்கு மாறுகிறோம். அதற்குப் பதிலாக ஓர் ஓடையை எடுத்துக்கொண்டு, அதன் தலைமாட்டிலிருந்து இறங்கி வந்தால் என்ன? மேட்டு நிலத்துக்காரர் முதலில் மாறினால் கீழே இருக்கும் பத்துப் பேருக்கும் ஏரிக்கும் நல்லது. அவருக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டு விளைச்சல் குறைந்தால், அந்த இழப்பைக் கீழே இருப்பவர்களும் ஊராட்சியும் பங்குபோட்டுக் கொள்ளலாம். ஊரக வேலைத் திட்டத்தில் வரப்பு வேலையை முதலில் அவர் நிலத்தில் வைக்கலாம். கிராமசபையில் தீர்மானம் போடுகிற அளவுக்கு எளிய விஷயம் இது.

இதற்கெல்லாம் கையில் ஒரு கணக்கு வேண்டும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. வரும் ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, முதல் பெருமழைக்கு அடுத்த நாள் ஒருமுறை, உங்கள் ஊர் ஓடைத் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துத் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். எந்த ஓடை, எந்தத் தேதி, மேலே என்ன பயிர், அளவு எவ்வளவு என்று நோட்டில் எழுதி வையுங்கள். ஓர் ஒன்றியத்தில் இருபது ஓடைக்கு இப்படி எழுதிவிட்டால், தை மாத வட்டாரக் கூட்டத்தில் எந்த ஓடையிலிருந்து தொடங்குவது என்று நாமே முடிவு செய்துவிடலாம்.